வீட்டுக் கம்ப்யூட்டரில் டிரேட் மார்க், பேட்டன்ட் சட்டம் படிக்கலாம்

கம்ப்யூட்டர் இதழில் சட்டப் பாடத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 2011 வரை நானும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

ஈரோட்டில் கம்ப்யூட்டர் விற்பனை மற்றும் சர்வீஸ் சென்டர் நடத்தி வருகிறேன். 2004-ம் ஆண்டு விஷுவல் பேசிக் 6-ல் ஜவுளிக் கடைகளுக்கென்று ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினேன். கடைக்காரர்களுக்குப் பார்த்ததும் புரிய வேண்டுமே என்று ‘ஜவுளி பில்லிங்’ என்றே பெயர் வைத்தேன். சி.டி.யில் ரைட் செய்து, கடை கடையாக ஏறி இறங்கி, ஏழு வருடத்தில் அறுபது கடைகளுக்கு மேல் போட்டுக் கொடுத்தேன்.

2011-ல் ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, புது வெர்ஷனில் வாட் ரிப்போர்ட் தப்புத் தப்பாக வருகிறது என்று திட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் புது வெர்ஷன் எதுவும் வெளியிடவே இல்லை. நேரில் போய்ப் பார்த்தால், பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவர் அதே பெயரில் வேறு சாஃப்ட்வேர் விற்றுக் கொண்டிருக்கிறார். வாங்கியவர்களோ அது என்னுடையது என்று நம்பி வாங்கியிருக்கிறார்கள்.

வக்கீலிடம் ஓடினேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். பெயரைப் பதிவு செய்திருக்கிறீர்களா? இல்லை. 2004 முதல் இந்தப் பெயரில் விற்றதற்கு பில் இருக்கிறதா? பில் இருந்தது. ஆனால் எல்லா பில்லிலும் ‘சாஃப்ட்வேர் - 1’ என்றுதான் எழுதியிருந்தேன், பெயர் இல்லை. மூன்றாவது கேள்விதான் என்னை உட்கார வைத்தது. “ஜவுளிக்கு பில் போடுற சாஃப்ட்வேருக்கு ஜவுளி பில்லிங்னு பேர் வெச்சா, அது உங்களுக்கு மட்டும் எப்படி சார் சொந்தமாகும்?”

வழக்குப் போடவில்லை. பெயரை விட்டுவிட்டேன். நாலு வருடம் கழித்து, 2015-ல், ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டு தொலைதூர டிப்ளமோவில் அறிவுசார் சொத்துரிமை படிக்கச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது 43. அந்தப் படிப்பில் நான் தெரிந்து கொண்டதையும், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டையும் வைத்து இதை எப்படிப் படிக்கலாம் என்பதையும் பார்ப்போம்.

முதல் பாடம்: எது எந்தப் பெட்டியில்?

ஐ.பி. என்றால் நமக்கு ஐ.பி. அட்ரஸ்தான் ஞாபகம் வரும். சட்டம் படிப்பவர்களுக்கு ஐ.பி. என்றால் அறிவுசார் சொத்து. இதில் பல பெட்டிகள் உண்டு. நம் ஊரில் பெரும்பாலான குழப்பம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவதால் வருகிறது. தமிழில் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லை பேட்டன்ட்டுக்கும் எழுதுகிறோம், காப்பிரைட்டுக்கும் எழுதுகிறோம். அதனால் இந்தக் கட்டுரையில் பேட்டன்ட், காப்பிரைட், டிரேட் மார்க் என்றே எழுதுகிறேன்.

என் பில்லிங் சாஃப்ட்வேரையே எடுத்துக் கொள்வோம்.

* நான் எழுதிய புரோகிராம் வரிகள்: காப்பிரைட். 1957-ம் ஆண்டு காப்பிரைட் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்பு வகையில் சேர்க்கிறது. எழுதிய உடனே உரிமை வந்துவிடும். பதிவு கட்டாயமில்லை.

* அதன் பெயரும் லோகோவும்: டிரேட் மார்க். 1999-ம் ஆண்டு சட்டம். நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15. பதிவு 10 வருடம் செல்லும். கட்டணம் கட்டிப் புதுப்பித்துக் கொண்டே போகலாம்.

* அதில் புதிய தொழில்நுட்பக் கண்டுபிடிப்பு ஏதாவது இருந்தால்: பேட்டன்ட். 1970-ம் ஆண்டு சட்டம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். புதுப்பித்து நீட்டிக்க முடியாது.

* பொருளின் வெளித்தோற்றம், வடிவம்: டிசைன். இதற்கு 2000-ம் ஆண்டின் தனிச் சட்டம்.

என் வழக்கில் புரோகிராம் வரிகளை அவர் காப்பி அடிக்கவில்லை. அவரே எழுதியிருந்தார். அதனால் காப்பிரைட் பேச்சுக்கே இடமில்லை. பில் போடும் முறையில் புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவும் இல்லை. அவர் எடுத்தது பெயரை மட்டும். அந்தப் பெட்டியைத்தான் நான் காலியாக வைத்திருந்தேன்.

டிரேட் மார்க்: பெயரின் பலம்

டிரேட் மார்க் சட்டத்தின் 9-வது பிரிவை முதலில் படியுங்கள். ஒரு பொருளின் வகை, தரம், உபயோகம் போன்றவற்றை மட்டுமே சொல்லும் பெயரைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது அது. காரணம் நியாயமானது. அரிசி விற்பவர் ‘அரிசி’ என்ற சொல்லைத் தனக்கென்று எடுத்துக் கொண்டால் மற்ற வியாபாரிகள் என்ன சொல்லி விற்பார்கள்?

பெயர்களைப் படிக்கட்டு போல வைத்துப் பார்க்கச் சொல்லித் தருவார்கள். கீழ்ப்படியில் பொருளின் பெயரே இருக்கும். அடுத்த படியில் பொருளை வர்ணிக்கும் பெயர். என் ‘ஜவுளி பில்லிங்’ இங்கேதான் நிற்கிறது. அதற்கு மேல், பொருளைக் குறிப்பால் உணர்த்தும் பெயர். அதற்கும் மேல், சொல் பழையதாக இருந்தாலும் பொருளோடு சம்பந்தமே இல்லாத பெயர். கம்ப்யூட்டருக்கு ‘ஆப்பிள்’ என்பது போல. உச்சிப் படியில் அகராதியிலேயே இல்லாத, புதிதாக உருவாக்கிய சொல்; ‘கோடக்’ போல. படி ஏற ஏற பாதுகாப்பு அதிகம். வர்ணிக்கும் பெயருக்கும் ஒரு வழி உண்டு. பல வருட உபயோகத்தால் அந்தப் பெயரைக் கேட்டதும் மக்கள் உங்களை நினைக்கிறார்கள் என்று ஆதாரத்தோடு காட்டினால் பதிவு கிடைக்கலாம். என்னிடம் இல்லாதது அந்த ஆதாரம்தான்.

ஆதாரம் என்றால் பில், விளம்பரம், நோட்டீஸ், பேக்கிங் அட்டை, பழைய இ-மெயில் போன்றவை. இந்திய சட்டத்தில் முதலில் பதிவு செய்தவரை விட முதலில் உபயோகித்தவருக்கு மதிப்பு அதிகம். 34-வது பிரிவைப் பாருங்கள். பதிவு செய்யாத பெயருக்கும் ‘பாஸிங் ஆஃப்’ என்ற வழக்குப் போடலாம். தன் சரக்கை அடுத்தவர் சரக்கு போலக் காட்டி விற்பதைத் தடுக்கும் வழக்கு இது. ஆனால் அதற்கும் முதலில் உங்கள் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருப்பதை நிரூபிக்க வேண்டும்.

படிக்க வேண்டிய இரண்டு தீர்ப்புகள்

முதலாவது மூக்குப்பொடி வழக்கு. சென்னையில் ‘ஸ்ரீ அம்பாள்’ மூக்குப்பொடிக்கு டிரேட் மார்க் இருந்தது. இன்னொரு வியாபாரி ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயரைப் பதிவு செய்யக் கேட்டார். லேபிளில் படங்கள் வேறு. அம்பாளும் ஆண்டாளும் வேறு வேறு தெய்வங்கள் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சுப்ரீம் கோர்ட் 1969-ல் அனுமதி மறுத்தது. மூக்குப்பொடி வாங்குபவர்கள் எல்லோரும் இந்துக்களோ தமிழர்களோ அல்லர். காதில் விழும்போது இரண்டு பெயர்களும் ஒன்று போல ஒலிக்கின்றன என்பதே காரணம். பெயரைக் கண்ணால் மட்டும் ஒப்பிடக் கூடாது, காதாலும் ஒப்பிட வேண்டும். வாங்குபவர் கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அரைகுறை ஞாபகத்தில்தான் கேட்கிறார்.

இரண்டாவது நம் துறை வழக்கு. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999-ல் ‘சிஃபி’ என்று தொடங்கும் டொமைன் பெயர்களைப் பதிவு செய்திருந்தது. 2001-ல் இன்னொரு நிறுவனம், நடுவில் ஒரு ‘எஃப்’ கூடுதலாகச் சேர்த்து அதே ஒலியில் டொமைன் வாங்கியது. எங்கள் நிறுவனத்தைத் தொடங்கிய ஐந்து பேரின் முதல் எழுத்துக்கள்தான் இவை என்று அது விளக்கம் சொன்னது. சுப்ரீம் கோர்ட் 2004-ல் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. டொமைன் பெயர் வெறும் முகவரி மட்டுமல்ல, வியாபாரத்தின் அடையாளமும் கூட. அதற்கும் பாஸிங் ஆஃப் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வெப்சைட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

தீர்ப்பைப் படிக்கும் முறை

என் முதல் மூன்று மாதம் வீணானது இங்கேதான். கைடு புத்தகத்தில் இருக்கும் நான்கு வரிச் சுருக்கத்தை மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் புதிதாக ஒரு சூழ்நிலையைக் கொடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டதும் பேனா நகரவில்லை. அதன் பிறகு முழுத் தீர்ப்பைப் படிக்கத் தொடங்கினேன். இந்தியன் கானூன் தளத்திலும் சுப்ரீம் கோர்ட்டின் ஈ-எஸ்.சி.ஆர். தளத்திலும் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சட்டங்களின் முழு வடிவம் இந்தியா கோட் தளத்தில் இருக்கிறது.

எக்செல்லில் ஒரு ஷீட் திறந்து, ஒரு தீர்ப்புக்கு ஒரு வரிசை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஐந்து காலம் போதும்.

1. என்ன நடந்தது?
2. கோர்ட் முன் இருந்த கேள்வி என்ன?
3. முடிவு என்ன?
4. அதற்குக் காரணம் என்ன?
5. இதை என் கடைக்கோ தெரிந்த ஒரு கடைக்கோ பொருத்தினால் என்ன ஆகும்?

ஐந்தாவது காலத்தை நிரப்ப முடியவில்லை என்றால் தீர்ப்பு புரியவில்லை என்று அர்த்தம். திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

பயிற்சி 1: பெயரைத் தேடிப் பார்ப்போம்

டிரேட் மார்க் பதிவேடு எல்லோரும் பார்க்கக் கூடியது. ஐ.பி. இந்தியா தளத்தில் டிரேட் மார்க் பகுதிக்குப் போய் பப்ளிக் சர்ச்சைத் திறந்து கொள்ளுங்கள். மொபைலுக்கோ இ-மெயிலுக்கோ ஓ.டி.பி. கேட்டால் கொடுங்கள்.

1. முதலில் வகுப்பு எண். உலகம் முழுக்கப் பயன்படும் நைஸ் பட்டியலில் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். சாஃப்ட்வேர் 9-வது வகுப்பு. சாஃப்ட்வேர் எழுதித் தரும் சேவை 42. பயிற்சி வகுப்பு நடத்தினால் 41.

2. நீங்கள் நினைத்திருக்கும் பெயரை வேர்ட்மார்க் முறையில் தேடுங்கள். அந்த எழுத்துக்கள் அப்படியே உள்ள பெயர்கள் வரும்.

3. அடுத்து ஃபோனெட்டிக் முறையில் தேடுங்கள். ஒலியில் ஒத்துப்போகும் பெயர்கள் வரும். அம்பாள் - ஆண்டாள் பாடம் இங்கே உதவும். ‘எஸ்’ போட்டு ஒரு முறை, ‘இசட்’ போட்டு ஒரு முறை என்று நம் ஆட்கள் ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா விதத்திலும் தேடிப் பாருங்கள்.

4. கிடைத்த பெயரைக் கிளிக் செய்து அதன் நிலையைப் பாருங்கள். பதிவானதா, ஆட்சேபணையில் நிற்கிறதா, கைவிடப்பட்டதா என்று தெரியும். டாகுமென்ட்களில் எக்ஸாமினேஷன் ரிப்போர்ட் இருந்தால் டவுன்லோட் செய்து படியுங்கள். 9-வது பிரிவு, 11-வது பிரிவு என்று அதிகாரி எழுதியிருக்கும் ஆட்சேபணையையும், விண்ணப்பதாரர் கொடுத்திருக்கும் பதிலையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்தக் கைடும் தராத பாடம் கிடைக்கும். நான் தினமும் இரவு கடையைச் சாத்திய பிறகு இரண்டு ரிப்போர்ட் படிப்பேன்.

பதிவு செய்ய முடிவு செய்தால், தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். ஏற்கப்பட்ட பெயர் டிரேட் மார்க்ஸ் ஜர்னலில் வெளியாகும். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கவில்லை என்றால் பதிவு கிடைக்கும். பதிவு கிடைக்கும் முன் ‘டி.எம்.’ என்று போட்டுக் கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடக் கூடாது. அது பதிவான பெயருக்கு மட்டும் உரியது.

பேட்டன்ட்: உயிர் இருப்பது கிளெய்மில்

பேட்டன்ட் டாகுமென்ட்டை முதல் முறை திறப்பவர்கள் தலைப்பையும் படத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். உரிமை இருப்பது கடைசியில் எண் போட்டு வரும் கிளெய்ம்களில். வீட்டுப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போலத்தான் கிளெய்ம். எல்லைக்குள் வந்தவர் அத்துமீறியவர். வெளியே நின்றால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைப் புரிந்து கொள்ள நம்மில் பலருக்கும் தெரிந்த ஒரு பேட்டன்ட்டைப் பார்ப்போம். அமேசானின் ‘ஒன் கிளிக்’. அமெரிக்க பேட்டன்ட் எண் 5,960,411. 1999 செப்டம்பரில் கிடைத்து 2017-ல் காலாவதியானது. கூகுள் பேட்டன்ட்ஸில் இந்த எண்ணைக் கொடுத்தால் வந்துவிடும். முதல் கிளெய்மைத் துண்டு துண்டாக்குவோம்.

* வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் பொருளின் விவரத்தைக் காட்டுவது.
* ஒரே ஒரு செயலில், வாங்குபவர் யார் என்ற அடையாளத்தோடு ஆர்டரை சர்வருக்கு அனுப்புவது.
* சர்வர் அதைப் பெற்று, ஏற்கெனவே சேமித்து வைத்த விவரங்களை எடுத்து ஆர்டரை உருவாக்குவது.
* ஷாப்பிங் கார்ட் இல்லாமலேயே ஆர்டரை முடிப்பது.

இவற்றில் எல்லாத் துண்டும் ஒருவரின் வெப்சைட்டில் இருந்தால்தான் அவர் எல்லைக்குள் வந்ததாக அர்த்தம். 1999 டிசம்பரில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தக நிறுவனத்துக்கு எதிராக இடைக்காலத் தடை கிடைத்தபோது, அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னொரு கிளிக்கைச் சேர்த்தார்கள். ‘ஒரே ஒரு செயல்’ என்ற துண்டு இப்போது அவர்களிடம் இல்லை. கிளெய்மில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தடையையும் 2001-ல் மேல் கோர்ட் நீக்கியது தனிக்கதை.

நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் பஜாஜ் - டி.வி.எஸ். வழக்கைப் படியுங்கள். சிறிய சிலிண்டர் எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பது பற்றிய பஜாஜ் பேட்டன்ட்டுக்கும், டி.வி.எஸ். ஃப்ளேம் பைக்குக்கும் சென்னை ஐகோர்ட்டில் நடந்த வழக்கு. 2008 பிப்ரவரியில் தடை வந்தது. டி.வி.எஸ். எஞ்சினில் மூன்று வால்வுகள் இருந்தன. அந்த வித்தியாசமும் விவாதத்தில் முக்கிய இடம் பெற்றது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. ஒரே பேட்டன்ட்டை இரண்டு அமர்வுகள் எப்படிப் படித்தன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

சாஃப்ட்வேருக்கு பேட்டன்ட் உண்டா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இந்திய பேட்டன்ட் சட்டம் 3(கே) பிரிவு கணித முறை, வணிக முறை, அல்காரிதம், தன்னளவில் கம்ப்யூட்டர் புரோகிராம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. ‘தன்னளவில்’ என்ற சொல்லைச் சுற்றித்தான் இருபது வருடத்துக்கும் மேலாகச் சண்டை. புரோகிராம் மட்டும் என்றால் கிடையாது. அது ஒரு தொழில்நுட்ப விளைவைத் தருகிறது என்று காட்டினால் பரிசீலிக்க வேண்டும் என்று டெல்லி ஐகோர்ட் 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் சொன்னது. ஆகவே என் பில்லிங் சாஃப்ட்வேர் போன்றவற்றுக்கு பேட்டன்ட் எதிர்பார்க்க வேண்டாம். காப்பிரைட்டும் டிரேட் மார்க்கும் போதும்.

பயிற்சி 2: பேட்டன்ட் தேடல்

ஐ.பி. இந்தியா தளத்தின் இன்பாஸ், உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் பேட்டன்ட்ஸ்கோப், ஐரோப்பிய பேட்டன்ட் அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய நான்கும் இலவசம்.

சாதாரண கூகுள் தேடலைப் போல ஒரு சொல்லைத் தட்டினால் இங்கே மீன் சிக்காது. பேட்டன்ட் எழுதுபவர்கள் பேச்சு வழக்குச் சொற்களை உபயோகிப்பதில்லை. மவுஸை மவுஸ் என்று எழுதாமல் ‘சுட்டும் சாதனம்’ என்கிற மாதிரி பொதுச் சொல்லால் எழுதுவார்கள். முதலில் கிடைக்கும் நெருக்கமான ஒரு டாகுமென்ட்டைத் திறந்து, அதில் உள்ள ஐ.பி.சி. குறியீட்டைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு அந்தக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். கம்ப்யூட்டரில் தகவலைக் கையாளும் முறைகள் பெரும்பாலும் ஜி06எஃப் என்ற குறியீட்டில் இருக்கும். சொல் மாறினாலும் குறியீடு மாறாது.

பழைய நோட்ஸ் ஜாக்கிரதை

சீனியரிடம் வாங்கிய நோட்ஸை அப்படியே நம்ப வேண்டாம். நான் படித்தபோது, பேட்டன்ட் பரிசோதனைக்கு விண்ணப்பிக்க 48 மாதம் அவகாசம் என்று இருந்தது. 2024 மார்ச்சில் விதி மாறி, புதிய விண்ணப்பங்களுக்கு 31 மாதம் ஆகிவிட்டது. மேல்முறையீட்டுக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.பி.ஏ.பி. வாரியம் என்று படித்தோம். 2003-ல் செயல்படத் தொடங்கிய அந்த வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டு வழக்குகள் ஐகோர்ட்டுகளுக்குப் போய்விட்டன. சென்னை ஐகோர்ட்டில் 2023 முதல் இதற்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. கெடு தவறினால் உரிமையே போய்விடும் துறை இது. எண் எழுதும் முன் ஒரு முறை சட்டத்தையும் விதியையும் திறந்து சரிபாருங்கள்.

எங்கே படிக்கலாம்?

* தொடக்கத்துக்கு வைப்போ அகாடமியின் டி.எல்-101 பாடம். ஆன்லைன், இலவசம். நான் டிப்ளமோவில் சேரும் முன் இதைத்தான் முடித்தேன்.
* பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, ஹைதராபாத் நல்சார் ஆகியவை தொலைதூரக் கல்வியில் பட்டமேற்படிப்பு டிப்ளமோ நடத்தி வந்திருக்கின்றன. வேலை பார்த்துக் கொண்டே படிக்க ஏற்றவை. சேரும் முன் அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள்.
* சட்டப் பட்டதாரிகளுக்கு சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். படிப்பில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு.
* பொறியியல், அறிவியல் பட்டம் பெற்றவர்கள் சட்டம் படிக்க ஐ.ஐ.டி. கரக்பூரில் 2006-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளி இருக்கிறது.
* பேட்டன்ட் ஏஜென்ட் ஆக விரும்புபவர்கள் இந்தியக் குடிமகனாக, 21 வயது நிரம்பியவராக, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். பேட்டன்ட் அலுவலகம் நடத்தும் தேர்வில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு. சட்டப் பட்டம் தேவையில்லை. பி.இ. முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம்.

ஒரு போஸ்டர் கதை

இந்தப் படிப்பால் என் பழைய பெயர் திரும்பி வரவில்லை. ஆனால் கடந்த ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை, விசைத்தறி வைத்திருக்கும் நண்பரின் மகள் பென் டிரைவோடு கடைக்கு வந்தாள். பி.இ. கடைசி வருடம்.

“அங்கிள், திங்கக்கெழமை எக்ஸிபிஷன். கலர் போஸ்டர் நாலு வேணும்.”

ஃபைலைத் திறந்தேன். தறியில் நூல் அறுந்தால் அதிர்வு மாறுவதை வைத்தே கண்டுபிடித்துத் தறியை நிறுத்தும் ஒரு சின்னக் கருவி. சர்க்யூட் முழுவதும் போஸ்டரில் இருந்தது. ஒரு ரெசிஸ்டர் மதிப்பு கூட விடுபடவில்லை.

“கண்ணு, இதை வேற யாருக்காச்சும் காட்டியிருக்கியா? யூடியூப்ல போட்டியா?”

“இல்லீங்க அங்கிள். எக்ஸிபிஷன் முடிஞ்சதும் போடலாம்னு இருக்கேன்.”

பிரிண்ட் பட்டனிலிருந்து கையை எடுத்தேன். பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் பொதுமக்கள் முன் வைத்துவிட்டால் அது புதியது என்று சொல்ல முடியாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் வாசிக்கும் கட்டுரை போன்ற சிலவற்றுக்குத்தான் 12 மாத விலக்கு. கல்லூரிக் கண்காட்சி அதில் வராது.

அன்று இரவே அவளும் அவள் அப்பாவும் என் கடையில் உட்கார்ந்து தேடினோம். முதலில் ஒன்றும் கிடைக்கவில்லை. டி03டி 51/18 என்ற குறியீட்டைப் பிடித்ததும் வரிசையாக வந்தன. தறியைத் தானாக நிறுத்தும் முறைகளுக்கான குறியீடு அது. அவற்றில் மூன்று டாகுமென்ட்கள் மிக நெருக்கம். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. கிளெய்ம்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தபோது மூன்றும் ஒளி சென்சாரை வைத்தவை என்று தெரிந்தது. அதிர்வை அளக்கும் வழி அவளுடையது மட்டும்தான்.

நான் பேட்டன்ட் ஏஜென்ட் அல்ல. அதனால் எழுதிக் கொடுக்காமல், கோவையில் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவரிடம் அனுப்பினேன். கல்லூரி லேபில் செய்ததால் கல்லூரியையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு முதல்வரின் கையெழுத்து வெள்ளிக்கிழமை கிடைத்தது. சனிக்கிழமை இரவு ஆன்லைனில் புரொவிஷனல் விண்ணப்பம் போனது. அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். திங்கள் காலை ஏழு மணிக்கு நான்கு போஸ்டரையும் பிரிண்ட் எடுத்தேன், சர்க்யூட்டோடு.

12 மாதத்துக்குள் முழு விண்ணப்பமும் கொடுத்தாகிவிட்டது. பேட்டன்ட் கிடைக்குமா என்பதை இனி பரிசோதகர்தான் சொல்ல வேண்டும். கிடைக்காமலும் போகலாம். ஆனால் கேட்கும் உரிமையை அவள் ஒரு போஸ்டரில் தொலைத்துவிடவில்லை.

நீங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தாலும் சரி, வீட்டிலிருந்து படித்தாலும் சரி, இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் கடை, வெப்சைட், மொபைல் ஆப், யூடியூப் சேனல் எதுவாக இருந்தாலும், அதன் பெயரை பப்ளிக் சர்ச்சில் ஒரு முறை தேடிப் பாருங்கள். பிறகு பில் புக்கை எடுத்து, அந்தப் பெயர் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது என் பில்லில் சாஃப்ட்வேரின் பெயர், வெர்ஷன் எண், தேதி மூன்றும் இருக்கின்றன. புதிய பெயர் 9-வது வகுப்பில் பதிவாகிவிட்டது. அது எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல். கடைக்காரர்கள் முதலில் அர்த்தம் கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.